தாயைப் பார்க்காமல் குட்டியை வாங்காதீர்கள்

மதுரையில் நாய் வாங்கப் போகும் பலர் குட்டியை மட்டுமே பார்க்கிறார்கள். எல்லாக் கேடும் அங்கேதான் தொடங்குகிறது. வாட்ஸ்அப்பில் படம் வருகிறது. மாட்டுத்தாவணி, ஆரப்பாளையம் பேருந்து நிலையங்களில் ஒன்றுக்கு வரச் சொல்கிறார்கள். அட்டைப்பெட்டியைத் திறந்து குட்டியைக் கையில் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்கிறார்கள். ஈன்ற நாய் எங்கே என்று கேட்டால், "ஊரில் இருக்கிறது" என்பார்கள். அந்தப் பதிலைக் கேட்டதும் திரும்பிவிடுங்கள்.

வளர்க்கும் இடத்துக்கே போய்த் தாயைப் பாருங்கள். அது மெலிந்திருந்தால், "குட்டி போட்டால் இளைக்கத்தானே செய்யும்" என்று சமாளிப்பார்கள். அதில் பாதி உண்மை. ஆனால் நகமும் பாதமும் பிரசவத்தால் கெடுவதில்லை. கூண்டிலேயே கிடக்கும் நாய்க்கு, தரையில் நடந்து தேயாத நகம் வளைந்து வளர்ந்திருக்கும். மூத்திர ஈரத்திலேயே நின்று விரலிடுக்குத் தோல் சிவந்து புண்ணாகியிருக்கும். அப்படிப்பட்ட காலைப் பார்த்த பிறகும் குட்டிக்கு விலை பேச எப்படி மனம் வரும்?

மத்திய அரசு 2017-இல் கொண்டுவந்த நாய் இனப்பெருக்க விதிகள் இதற்காகத்தான் இருக்கின்றன. மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்யாமல் இந்தத் தொழிலை நடத்தக் கூடாது. இனப்பெருக்கத்துக்கு விடும் பெண் நாய்க்கு 18 மாதம் நிறைந்திருக்க வேண்டும். 12 மாதத்தில் ஓர் ஈற்றுக்கு மேல் கூடாது. வாழ்நாளில் ஐந்தைத் தாண்டக் கூடாது. ஆகவே பதிவுச் சான்றைக் கேளுங்கள். கென்னல் கிளப் சான்றிதழை நீட்டினால் ஏமாந்துவிடாதீர்கள். அது வம்சாவளியைச் சொல்லும் காகிதம்; அரசுப் பதிவாகாது.

"முப்பது நாள் குட்டிதான் நன்றாக ஒட்டிக்கொள்ளும்" என்ற நம்பிக்கை நம் பக்கத்தில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்பதே விதிமீறல். எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதை அது உடன்பிறந்த குட்டிகளோடு விளையாடித்தான் கற்கிறது. சீக்கிரம் பிரித்தால், வளர்ந்த பின் உங்கள் பிள்ளையின் கையைக் கடிக்கும்போதுதான் அந்தக் குறை தெரியும். வயிறு மட்டும் உப்பிய குட்டியைக் கொழுகொழுவென்று இருப்பதாக நினைத்து எடுப்பதும் தவறு. பெரும்பாலும் அது குடற்புழு. தடுப்பூசி அட்டையில் மருந்துக் குப்பியின் ஒட்டுச்சீட்டும் கால்நடை மருத்துவரின் கையொப்பமும் இல்லையென்றால் "ஊசி போட்டாயிற்று" என்ற பேச்சை நம்பாதீர்கள். பார்வோ என்ற வைரஸ் நோய் வந்தால் ரத்தக்கழிச்சலில் சில நாட்களிலேயே குட்டி போய்விடும்.

நாட்டு இனங்களில் இந்தத் தொல்லை இல்லை என்று எண்ண வேண்டாம். ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கன்னியும் நமக்குப் பக்கத்து மண்ணின் நாய்கள்; கிராக்கி கூடியதும் அவற்றையும் கூண்டில் அடைத்துவிட்டார்கள். பால்வெள்ளை ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு வருவதுண்டு. குட்டிக்குத் தெரியாமல் பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள். காதும் தலையும் திரும்ப வேண்டும்.

இரக்கப்பட்டு வாங்குவதும் தவறுதான். சொல்லவே கஷ்டமாக இருக்கிறது. நோஞ்சான் குட்டியைக் காசு கொடுத்து மீட்டால், அந்தக் காசிலேயே தாயை அடுத்த ஈற்றுக்கு விடுவார்கள். குட்டியை விட்டுவிட்டு வந்து புகார் எழுதுங்கள்.

புகாரிலும் தவறுகள் நடக்கின்றன. முதலில் வீடியோவைப் பரப்பினால் ஒரே இரவில் நாய்களை வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார்கள். தேதி, இடம், படங்களோடு எழுத்தில் கொடுங்கள். 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவை மட்டும் நம்பாதீர்கள். முதல் குற்றத்துக்கு அபராதம் அதிகபட்சம் 50 ரூபாய். ஒரு குட்டியின் விலைக்கு முன்னால் அது ஒரு பொருட்டே இல்லை. 2017 விதிகளின்படி இடத்தை ஆய்வு செய்யவும், பதிவு இல்லையென்றால் தொழிலை நிறுத்தவும் மனுவில் வெளிப்படையாகக் கேளுங்கள். மாநில வாரியத்துக்கு அனுப்பி, ஒரு நகலைத் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்து மனு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, குற்றம் நடந்து மூன்று மாதம் கடந்தால் வழக்குத் தொடர முடியாது. தேர்வு முடியட்டும், திருவிழா முடியட்டும் என்று மனுவைத் தள்ளிப்போடாதீர்கள்.