பரணில் கிடக்கும் டி.வி. கேமை மறுபடி ஓட வைப்பது எப்படி?

பழைய டி.வி. கேம் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கியதும் பலரும் செய்யும் முதல் காரியம், வீட்டில் சும்மா கிடக்கிற ஏதோ ஒரு அடாப்டரைச் செருகிப் பார்ப்பதுதான். இத்தனை வருடம் தூசியில் கிடந்தும் பிழைத்திருந்த பெட்டி பெரும்பாலும் அந்த நொடியில்தான் சாகிறது. தயவுசெய்து செருகாதீர்கள். அடாப்டர் பகுதியைப் படித்து முடிக்கும்வரை அதற்குக் கரன்ட் வேண்டாம்.

இந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை நிண்டெண்டோ 1983-ல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாமின் நகல்கள். 60 பின் (கேசட்டின் அடியில் வரிசையாகத் தெரியும் உலோகப் பட்டைகள்) உள்ள கேசட் போடுவது அந்த வம்சம். 1985-ல் என்.இ.எஸ். என்ற பெயரில் அமெரிக்காவுக்குப் போன அதன் வடிவத்துக்கு 72 பின், உள்ளே கள்ளக் கேசட்டைத் தடுக்க ஒரு பூட்டுச் சிப்பும் உண்டு. ஃபேமிகாமில் அந்தப் பூட்டு கிடையாது. நகல் கேசட் அடித்த தைவான்காரர்களுக்கு அது வசதியாகப் போனது, நம் ஊர்க் கடைக்கும் கேசட் வந்தது.

'மொபைலில் எமுலேட்டர் (பழைய கேம் பெட்டியைப் போலவே நடந்துகொள்ளும் ஆப்) போட்டால் இதே கேம் ஓடுமே, எதற்கு இந்த வேலை?' என்றால், படம் அதேதான், கை உணர்வு வேறு. மாரியோ முழு கேமும் 40 கிலோபைட். லோடிங் இல்லை, விளம்பரம் இல்லை. பட்டனை அமுக்கினால் ஓரிரு ஃபிரேமுக்குள் (திரையில் அடுத்தடுத்து மாறும் ஒவ்வொரு படமும் ஒரு ஃபிரேம்) ஆள் எம்புகிறான். அழுத்திப் பிடித்தால் உயரமாக, தட்டிவிட்டால் குட்டையாக. அந்தக் கேம்களின் அருமையே இந்த உடனடித்தன்மைதான் என்பது என் கட்சி. கீழே சொல்லும் வேலைகளில் பாதி, அந்த உடனடித்தன்மை நடுவில் எங்கேயும் தொலையாமல் பார்த்துக்கொள்வதற்காகத்தான்.

வேண்டியவை

மல்டிமீட்டர் (விலை குறைந்ததே போதும், 'பீப்' சத்தம் போடும் வசதி இருக்க வேண்டும்), ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், காது குடையும் பஞ்சுக்குச்சி ஒரு பாக்கெட், வெள்ளை அழிரப்பர், பழைய டூத் பிரஷ். ஆல்கஹால் 99 சதவீதம் கிடைத்தால் நல்லது, 90-க்குக் கீழே வேண்டாம். மருந்துக்கடை 70 சதவீதத்தில் மீதி பெரும்பாலும் தண்ணீர். சானிடைசர் கூடவே கூடாது, அதில் இருக்கும் பசை பின்னிலேயே தங்கிவிடும். சால்டரிங் தெரிந்தால் 25 வாட் அயர்னும் ஈயமும் எடுத்து வையுங்கள். தெரியாவிட்டாலும் பாதிக்கு மேல் வேலை நடக்கும். சென்னைவாசிகள் ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு நடை போனால் எல்லாம் கிடைத்துவிடும்.

அடாப்டர்: இங்கேதான் எல்லாரும் விழுகிறார்கள்

இன்று கடையில் கிடைக்கும் 9 வோல்ட் அடாப்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு உள்குழாய் பிளஸ், வெளி உறை மைனஸ். அசல் ஃபேமிகாமுக்கு இது நேர் தலைகீழ்: உள்ளே மைனஸ், வெளியே பிளஸ். நகல் பெட்டிகளில் பல அதையே பின்பற்றின, சில மாற்றிக்கொண்டன. அடாப்டரின் செருகும் முனை மட்டும் எல்லாவற்றிலும் பொருந்தித் தொலைக்கும். தலைகீழாகப் போன கரன்ட்டைத் தடுக்க ஒரு டயோடு போட்டிருந்தால் பிழைக்கலாம். ஆனால் விலையைக் குறைக்க முதலில் வெட்டப்பட்டது அந்த டயோடுதான்.

பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் படத்தை நம்பாதீர்கள். அளந்து பாருங்கள், இரண்டு நிமிட வேலை, பெட்டியைத் திறக்கவும் வேண்டாம். மல்டிமீட்டரைப் பீப் மோடில் வையுங்கள். ஒரு முனையைப் பெட்டியின் மஞ்சள் ஏ.வி. சாக்கெட்டின் வெளி வளையத்தில் தொடுங்கள். அந்த வளையம்தான் கிரவுண்டு, அதாவது மைனஸ். இன்னொரு முனையை அடாப்டர் ஜாக்கின் நடுப்பின்னில் தொடுங்கள். விடாமல் கூவினால் உங்கள் பெட்டிக்கு நடுப்பின் மைனஸ். கூவாவிட்டால் ஜாக்கின் ஓரத் தகட்டில் தொடுங்கள்; அங்கே கூவினால் நடுப்பின் பிளஸ். ஒரே ஒரு 'பிப்' என்று வந்து நின்றால் அது கெபாசிட்டர் சார்ஜ் ஆகும் சத்தம், கணக்கில் சேர்க்காதீர்கள். இரண்டு இடத்திலும் கூவவில்லையா? ஒன்று ஜாக்கின் சால்டர் விட்டிருக்கும், அல்லது உள்ளே நாலு டயோடு பிரிட்ஜ் இருக்கும். அதைத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

அடுத்து மல்டிமீட்டரை டி.சி. வோல்ட் மோடுக்கு மாற்றி, சுவரில் செருகிய அடாப்டரை அளந்து பாருங்கள். கறுப்பு முனை வெளி உறையில், சிவப்பு முனை உள்குழாயில். மீட்டரில் 9 என்று வந்தால் உள்ளே பிளஸ், மைனஸ் 9 என்று வந்தால் உள்ளே மைனஸ். பெட்டிக்கு ஒத்துவராவிட்டால் வயரை நடுவில் வெட்டி, இரண்டு இழையையும் மாற்றி முறுக்கிச் சால்டர் வைத்து டேப் சுற்றினால் தீர்ந்தது.

எத்தனை வோல்ட்? உள்ளே 7805 என்று மூன்று காலுள்ள ரெகுலேட்டர் இருக்கும். வருவதை 5 வோல்ட்டாகக் குறைத்து மிச்சத்தைச் சூடாக வெளியே விடும். அதற்கு 7 வோல்ட்டாவது உள்ளே வர வேண்டும். பெட்டி 400 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், 9 வோல்ட்டில் ரெகுலேட்டர் எரிக்கும் சூடு 1.6 வாட், 12 வோல்ட்டில் 2.8 வாட். பழைய கனமான டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டரில் 9 என்று எழுதியிருந்தாலும் பெட்டியோடு இணைக்காமல் அளந்தால் 13-ஐத் தொடும்; படத்தில் பட்டை பட்டையாகக் கோடு ஓடுவதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். லேசான புது ரக 9 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டர் வாங்குங்கள். ஆம்பியர் கூடுதலாக இருந்தால் பரவாயில்லை, பெட்டி தனக்கு வேண்டியதைத்தான் எடுக்கும். அமெரிக்க என்.இ.எஸ். அடாப்டர் கிடைத்தால் தூர வையுங்கள். அதிலிருந்து வருவது ஏ.சி. கரன்ட், இந்தப் பெட்டிகளுக்கு வேண்டியது டி.சி.

பெட்டியைத் திறந்துவிட்டீர்கள் என்றால் ரெகுலேட்டர் பக்கத்தில் நிற்கும் பெரிய கெபாசிட்டரையும் பார்த்துவிடுங்கள். தலை உப்பியிருந்தாலோ அடியில் பழுப்பாகக் கசிந்திருந்தாலோ மாற்றுங்கள். மைக்ரோ ஃபாரட் அதே அளவு, வோல்ட் அதே அல்லது கூடுதல், வெள்ளைக்கோடு போட்ட பக்கம் மைனஸ். பிறகு கேசட் இல்லாமல் கரன்ட் கொடுத்து 7805-இன் வலது காலில் (எழுத்து உங்களைப் பார்க்கும்படி வைத்தால்) 4.75 முதல் 5.25 வோல்ட்டுக்குள் வருகிறதா பாருங்கள். வந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

கேசட்: ஊதாதீர்கள்

ஊதினால் ஓடியது என்பது எல்லாருக்கும் நினைவிருக்கும். ஓடியதற்குக் காரணம் ஊதியது இல்லை. கழற்றி மறுபடி செருகும்போது பின்கள் வேறு இடத்தில் உரசி உட்காருவதுதான். ஊதும்போது போன எச்சில் ஈரம் பின்னில் களிம்பு பிடிக்க வைத்தது மட்டும்தான் மிச்சம்.

சுத்தம் செய்யும் முன் என்ன கோளாறு என்று திரையைப் பார்த்தே சொல்லிவிடலாம். கேசட்டுக்குள் இரண்டு தனித்தனி நினைவகம்: ஒன்றில் கேமின் ஆணைகள், இன்னொன்றில் படங்கள். ஒரே நிறத்தில் திரை உறைந்து நின்றால் ஆணைகள் போகும் பின்களில் தொடர்பு இல்லை. பாட்டு கேட்கிறது, ஸ்டார்ட் அமுக்கினால் கேமும் நகர்கிறது, ஆனால் மாரியோ இருக்க வேண்டிய இடத்தில் எழுத்தும் செங்கல்லும் கலந்து தெரிகிறது என்றால் படப் பின்கள்தான் அழுக்கு. படம் சுத்தமாக வந்து சத்தம் மட்டும் இல்லையா? அசல் ஃபேமிகாமிலும் அதை அப்படியே அச்செடுத்த நகல்களிலும் ஒலி வெளியே போகும் முன் கேசட்டுக்குள் போய்த் திரும்புகிறது, 45, 46 ஆகிய இரண்டு பின்கள் வழியாக. அவற்றைத் துடையுங்கள்.

பஞ்சுக்குச்சியை ஆல்கஹாலில் நனைத்து, பின்னின் நீளவாக்கில் தேயுங்கள். குறுக்கே தேய்த்தால் பஞ்சு இழை மாட்டிக்கொள்ளும். கறுப்பாக வருவது நிற்கும்வரை குச்சியை மாற்றி மாற்றி. பிடிவாதமான கறைக்கு அழிரப்பர் போட்டு, துகளைத் தட்டிவிட்டு மறுபடி ஆல்கஹால். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். மேல்பூச்சு ஒரு தடவை போனால் திரும்ப வராது. பெட்டியின் உள்ளே இருக்கும் சாக்கெட்டுக்கு, தேவையில்லாத ஒரு கேசட்டின் பின்னை ஆல்கஹாலில் நனைத்துப் பத்துப் பதினைந்து தடவை செருகி எடுங்கள். கரன்ட் இல்லாமல்தான் இதெல்லாம். கால் மணி நேரம் காய விடுங்கள்.

கேசட்டைப் பிரித்தால் சிப் இருக்க வேண்டிய இடத்தில் தார் ஊற்றியது போலக் கறுப்புப் பொட்டு தெரியும். சிப்பை நேரடியாகப் பலகையில் ஒட்டி மேலே எபாக்ஸி ஊற்றியிருக்கிறார்கள். பொட்டுக்கு உள்ளே கெட்டால் யாராலும் சரிசெய்ய முடியாது. வேறு கேசட் தேடுங்கள். '9999999 இன் 1' என்று போட்டிருப்பதில் உண்மையில் இருப்பவை விரல்விட்டு எண்ணக்கூடிய சில கேம்கள்தான். மற்றவை அதே கேமை வேறு ஸ்டேஜில் தொடங்கிவைப்பவை.

கன்ட்ரோலர்

பிரித்து, ரப்பர் பாயை எடுத்து, பலகையை ஆல்கஹாலால் துடையுங்கள். ரப்பரின் அடியில் இருக்கும் கரிப் பொட்டை உலர்ந்த துணியால் ஒற்றினால் போதும், தேய்த்தால் கரி உதிரும். பொட்டின் மேல் அலுமினியத் தாள் ஒட்டும் வித்தை கொஞ்ச நாள்தான் தாங்கும். பதில் ரப்பர் வாங்குவதே மேல். ஒரு பட்டனும் வேலை செய்யவில்லை என்றால் வயர் உள்ளே நுழையும் இடத்தில் ஐந்து இழைகளில் ஒன்று அறுந்திருக்கும். பாதி அங்குலம் வெட்டிவிட்டு, நிறம் பார்த்துத் திரும்பச் சால்டர் வையுங்கள்.

சோதனைக்குக் காண்ட்ரா என்ற கேமைவிட நல்ல கருவி இல்லை. முதல் திரையில் மேல், மேல், கீழ், கீழ், இடது, வலது, இடது, வலது, பி, ஏ, ஸ்டார்ட். 30 உயிர் வந்தால் நாலு திசையும் மூன்று பட்டனும் சரி என்று ஒரே மூச்சில் தெரிந்துவிடும். நகல் கேசட்டில் கேமையே மாற்றி எழுதியிருப்பார்கள். வராவிட்டால் உடனே கன்ட்ரோலரைத் திட்டாதீர்கள்.

டி.வி.யோடு இணைப்பது

பழைய குண்டு டி.வி. யார் வீட்டிலாவது இருந்தால் இந்தப் பகுதியைத் தாண்டிவிடுங்கள். உங்களுக்கு இதைவிடச் சிறந்தது வேறில்லை.

எல்.இ.டி. டி.வி.யில் மஞ்சள் சாக்கெட் படத்துக்கு, வெள்ளை ஒலிக்கு. செருகியதும் படம் வரும், சந்தோஷமாக இருக்கும், ஆனால் மாரியோ பள்ளத்தில் விழுந்துகொண்டே இருப்பார். உங்களுக்கு வயதாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். டி.வி. உள்ளே படத்தை மெருகேற்ற நேரம் எடுத்துக்கொள்கிறது. ஒரு ஃபிரேம் 60 ஹெர்ட்ஸில் 16.7 மில்லி செகண்ட், டி.வி. 100 மில்லி செகண்ட் தாமதித்தால் நீங்கள் ஆறு ஃபிரேம் பழைய படத்தைப் பார்த்துக் குதிக்கிறீர்கள். செட்டிங்கில் கேம் மோடு போடுங்கள், இரைச்சல் நீக்கம், மோஷன் ஸ்மூத்திங் எல்லாவற்றையும் அணையுங்கள். மலிவான ஏ.வி.–எச்.டி.எம்.ஐ. கன்வர்ட்டர் பெட்டியை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது தன் பங்குக்கும் தாமதம் சேர்க்கும். அடிபட்ட மாரியோ மினுங்குவதற்குப் பதில் சில நேரம் ஆளே காணாமல் போவார், காரணம் பெட்டி அனுப்பும் ஒவ்வொரு ஃபிரேமும் தனி முழுப் படம்; கன்வர்ட்டரோ அடுத்தடுத்த இரண்டை ஒரே படத்தின் இரண்டு பாதிகளாக எண்ணிக் கலக்கிவிடுகிறது.

வாத்து சுடும் துப்பாக்கி எல்.இ.டி.யில் எந்த செட்டிங்கிலும் வேலை செய்யாது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் வெள்ளைக் கட்டம் வரும். அந்த வெளிச்சம் குண்டு டி.வி.யில் எந்தக் கணத்தில் எந்த விதத்தில் துடிக்குமோ, அதை மட்டும் பார்க்கும்படி துப்பாக்கியை வடிவமைத்திருக்கிறார்கள்.

பிற்சேர்க்கை: திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள்

டி.வி.யில் மூன்று வண்ண சாக்கெட் இல்லை, ஹெட்போன் ஓட்டை போல ஒன்றுதான் இருக்கிறது: அதற்கு நாலு வளைய ஏ.வி. கேபிள் வேண்டும், வளைய வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். படம் இல்லாமல் ஸ்பீக்கரில் 'கொர்ர்' என்று சத்தம் மட்டும் வந்தால் படம் ஒலி வழியில் போகிறது. மஞ்சளை எடுத்துச் சிவப்பிலோ வெள்ளையிலோ மாற்றிப் பாருங்கள்.

ஆன்டெனா வழியில் படம் தெளிவு, சத்தம் மட்டும் இரைச்சல்: டியூனிங் மெனுவில் சவுண்டு சிஸ்டத்தை பி.ஜி., டி.கே., ஐ என்று மாற்றிப் பாருங்கள்.

மாரியோ பாட்டு யூட்யூபில் கேட்பது போல இல்லை, மெதுவாகவும் வேறு குரலிலும் இருக்கிறது: பெட்டி கெடவில்லை. நம் ஊர் டி.வி.யின் 'பால்' (PAL) கலர் முறைக்கான நகல்கள் நொடிக்கு 50 ஃபிரேம் ஓடுகின்றன, கேம் எழுதப்பட்டதோ 60-க்கு. ஆறில் ஐந்து பங்கு வேகம். பல நகல் சிப்களில் ஒலியின் தன்மையைத் தீர்மானிக்கும் இரண்டு அமைப்புகள் இடம் மாறியும் இருக்கும், அதனால் குரலும் மாறுகிறது. சின்ன வயதில் கேட்டதும் இதையேதான்.

ஜப்பானிலிருந்து வந்த அசல் ஃபேமிகாமில் படம் கறுப்பு வெள்ளையாக வருகிறது: அந்தப் பெட்டி என்.டி.எஸ்.சி. என்ற ஜப்பானிய, அமெரிக்கக் கலர் முறையில் படம் அனுப்புகிறது. உங்கள் டி.வி.யின் கலர் சிஸ்டத்தை ஆட்டோவிலிருந்து என்.டி.எஸ்.சி. 3.58-க்கு மாற்றுங்கள். அந்த வசதி இல்லாத பழைய குண்டு டி.வி. என்றால் கறுப்பு வெள்ளையில்தான் ஆட வேண்டும். வேகம் மட்டும் முழு 60 கிடைக்கும்.