வன்னியில் வேலைக்குப் போக உடுப்புத் தெரிவது எப்படி? முதல் நியமனக்காரருக்கு ஒரு செய்முறை

நியமனக் கடிதம் கைக்கு வந்ததும் பலர் நேரே ஓடுவது புடைவைக் கடைக்குத்தான். அங்கே பொம்மைக்கு உடுத்தி வைத்திருப்பது அழகாக இருக்கிறது, வாங்கிவிடுகிறார்கள். ஆனால் அந்தப் பொம்மை பரந்தனில் பஸ் ஏறி விசுவமடு வரை நின்றுகொண்டு போவதில்லை. கிராமக் கூட்டத்தில் பாயில் இருந்து எழும்புவதும் இல்லை. நீங்கள் இரண்டையும் செய்ய வேண்டும், அதுவும் ஆடி மாதக் கச்சான் காற்றில்.

என் அபிப்பிராயம் இதுதான்: உடம்புக்குச் சுகமாக இருக்கும் உடுப்புத்தான் பார்வைக்கும் எடுப்பாக இருக்கும். இறுகிய சட்டைக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பவர் எவ்வளவு விலையான துணி உடுத்தினாலும், அந்த அவதி முகத்தில் தெரிந்துவிடும். ஆகவே கீழே உள்ள ஒழுங்கிலேயே செய்யுங்கள். கடைக்குப் போவது மூன்றாவது படியில்தான் வருகிறது.

படி 1: உங்கள் வேலைநாளை எழுதிப் பாருங்கள்

ஒரு தாளில் காலை முதல் மாலை வரை உடம்பு என்னென்ன செய்கிறது என்று எழுதுங்கள். சைக்கிளா, ஸ்கூட்டியா, பஸ்ஸா? கிறவல் வீதி எவ்வளவு தூரம்? கதிரையில் எவ்வளவு நேரம்? வெளிக்கள வேலை உண்டா? அலுவலகத்தில் மின்விசிறியா, குளிரூட்டியா?

மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுப் பக்கம் வீடு வீடாகப் போகும் அபிவிருத்தி உத்தியோகத்தருக்கும், வவுனியா நகரில் குளிரூட்டிய வங்கிக்குள் இருப்பவருக்கும் ஒரே உடுப்பு சரிவராது. முன்னவருக்குக் காற்றுப் புகும் துணியும் கால் அகட்ட இடமும் வேண்டும். பின்னவருக்குச் சற்றுத் தடித்த, விழுந்து நிற்கும் துணி எடுப்பாக இருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து தினமும் கிளிநொச்சிக்கு வந்து போகிறவர்கள் மூன்றாவது வகை. பஸ்ஸிலேயே பாதி நாள் போய்விடுவதால், கசங்காத துணிதான் அவர்களுடைய முதல் தேவை.

படி 2: அலுவலகத்தில் எது செல்லும் என்று விசாரியுங்கள்

இதைச் செவிவழிக் கதையாக விட்டுவிடாதீர்கள். அரச அலுவலக உடை பற்றிய விதிகள் அண்மைக் காலத்தில் பலமுறை மாறியிருக்கின்றன. 2019 மே மாத இறுதியில், பெண் உத்தியோகத்தர்கள் சேலை அல்லது ஒசரி (கண்டிய முறைச் சேலை) அணிய வேண்டும் என்று பொது நிர்வாக அமைச்சு சுற்றறிக்கை வெளியிட்டது. கடும் ஆட்சேபம் எழுந்தது; பிறகு அது திருத்தப்பட்டது. 2022 செப்டெம்பரில், பொருளாதார நெருக்கடியின்போது, ஒழுங்கான இலகு உடைக்கு அனுமதி வந்தது. அதே ஆண்டு நவம்பரில் சில ஆசிரியைகள் சேலையல்லாத உடையில் பாடசாலைக்குப் போனபோது நாடெங்கும் வாதம் நடந்தது. கல்வி அமைச்சு சேலைப் பக்கமே நின்றது.

எனவே நிர்வாகக் கிளையில் இருக்கும் அக்கா ஒருவரிடம் நேரே கேளுங்கள்: “பஞ்சாபி போடலாமா? எந்த நாளில் சேலை கட்டாயம்?” மேலதிகாரிகள் வரும் நாள், கூட்ட நாள், சாதாரண நாள் என்று மூன்று வகையாகப் பதில் வரும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 3: துணியைக் கையால் படியுங்கள்

இப்போது கடைக்குப் போகலாம். கிளிநொச்சியில் ஏ9 வீதியோரக் கடைகளும் பொதுச்சந்தையும், வவுனியாவில் பஜார் வீதியும் ஒரு காலைப்பொழுதுக்குப் போதும். தீபாவளிக்கு முந்திய வாரம் மட்டும் வேண்டாம். நெரிசலில் துணியைத் தொட்டுப் பார்க்கக்கூட இடம் இருக்காது.

எந்தத் துணியையும் இந்த மூன்று சோதனைகளுக்கு உட்படுத்துங்கள்.

கசக்கிப் பாருங்கள். ஒரு மூலையை உள்ளங்கையில் இறுகப் பொத்திப் பத்து வரை எண்ணிவிட்டு விடுங்கள். வரி விழுந்து அப்படியே நின்றால், பஸ்ஸை விட்டு இறங்கும்போது உங்கள் மடியும் அப்படித்தான் இருக்கும்.

வெளிச்சத்துக்குப் பிடியுங்கள். கடைக்குள் இருக்கும் மின்குமிழ் ஏமாற்றும். வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்துப் பின்னால் கையை வையுங்கள். விரல்கள் தெளிவாகத் தெரிந்தால் உள்ளே லைனிங் தேவை. லைனிங் போட்டால் வெக்கை கூடும். வெளிர்நிற மெல்லிய துணியை நான் பெரும்பாலும் கடையிலேயே விட்டுவிட்டு வருவேன்.

வாயருகே வைத்து ஊதுங்கள். மறுபக்கத்தில் வைத்த கையில் காற்றுப் பட வேண்டும். படாவிட்டால் உங்கள் வியர்வைக்கும் வெளியேற வழியில்லை.

முழுப் பருத்திதான் சிறந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்பவர்கள் காலையில் அதை மினுக்கிப் பார்க்க வேண்டும்! பருத்தி வியர்வையை உறிஞ்சும், தோலுக்கு இதம், ஆனால் கசங்கும்; முதல் சலவையில் நூற்றுக்கு 3 முதல் 5 பங்கு வரை சுருங்கவும் கூடும். பொலியெஸ்டர் கசங்காது, விரைவில் காயும், வெக்கையையும் மணத்தையும் பிடித்து வைத்திருக்கும். லினன் குளிர்ச்சி, ஆனால் விலையும் சுருக்கமும் அதிகம். ரேயோன் மென்மையாக விழும், நனைந்தால் வலுக்குறையும். ஆகவே நாளாந்த வேலைக்குப் பருத்தி கூடுதலாகக் கலந்த கலப்புத் துணியே நடுவழி. விற்பனையாளர் “சுத்தப் பருத்தி” என்று அடித்துச் சொன்னால், ஓரத்தில் ஓர் இழையை உருவித் தரச் சொல்லி, வெளியே கொண்டுவந்து தீக்குச்சியால் கொளுத்துங்கள். பருத்தி கடதாசி எரிகிற மணத்தோடு சாம்பலாகும். பொலியெஸ்டர் உருகிச் சுருண்டு கடினமான மணியாகும்.

படி 4: தைத்து விற்கும் உடுப்பா, துணி வாங்கித் தைப்பதா?

அளவுச் சீட்டில் உள்ள எழுத்துகளை நம்பாதீர்கள். ஒரு கம்பனியின் நடுத்தரம் இன்னொன்றின் சிறியது. உங்கள் உடம்பின் அகன்ற பகுதி எதுவோ, அதற்குப் பொருந்துவதை எடுங்கள். சிலருக்கு மார்பு, சிலருக்கு இடுப்பு, சிலருக்குத் தோள். மிகுதி இடங்களைக் குறுக்கிவிடலாம். சிறியதைப் பெருப்பிக்க, உள்ளே தையலோரத் துணி விட்டிருக்க வேண்டும்; உடுப்பைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் அரை அங்குலம்கூட இருக்காது. தோள் மட்டும் விதிவிலக்கு: தோள்தையல் எலும்பின் முனையில் விழாத உடுப்பைத் திருத்துவது புதிதாகத் தைப்பதைவிடத் தலைவலி.

போட்டுப் பார்க்கும் அறையில் நின்றபடி கண்ணாடி பார்ப்பது போதாது. குந்துங்கள். இரு கைகளையும் பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பது போல உயர்த்துங்கள். முன்னால் குனிந்து செருப்பைத் தொடுங்கள். கதிரை இருந்தால் இருந்து எழும்புங்கள். பொத்தான்களுக்கு இடையே வாய் பிளந்தாலும், முதுகில் குறுக்கே வரிகள் இழுத்தாலும், அந்த உடுப்பு உங்களுக்கு இல்லை.

வன்னியில் ஒரு நல்ல வசதி, தைக்கத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் ஆடைத் தொழிற்சாலைகள் வந்த பிறகு, நேர்த்தியான தையல் பழகிய பெண்கள் பலர் வீட்டிலும் தைத்துக் கொடுக்கிறார்கள். அதனால் பஞ்சாபி, குர்த்தா போன்றவற்றுக்குத் துணி வாங்கித் தைப்பதையே சொல்வேன். 44 அங்குல அகலத் துணியில் நீளக்கைக் குர்த்தாவுக்குப் பொதுவாக இரண்டரை மீற்றர் போதும். உயரமானவர்கள் தையற்காரரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். பருத்தி என்றால் வெட்ட முன் ஒருமுறை நீரில் ஊறவைத்துக் காயவைத்துக் கொடுங்கள். இதைச் செய்யாமல் தைத்துவிட்டுத் தையற்காரரைத் திட்டுவதில் நியாயமில்லை.

படி 5: தையற்காரரிடம் பேசும் விதம்

“அழகாகத் தையுங்கோ” என்றால் அவர் தனக்கு அழகாகத் தெரிவதைத் தைப்பார். எதை எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்லுங்கள். உங்களுக்கு ஏற்கெனவே நன்றாகப் பொருந்தும் பழைய உடுப்பு ஒன்றைக் கையோடு கொண்டுபோவது இன்னும் நல்லது.

அளவெடுக்கும்போது வேலைக்குப் போடும் உள்ளாடையையே அணிந்திருங்கள். மார்பளவும் சட்டையின் விழுகையும் அதைப் பொறுத்தே மாறும். வயிற்றை உள்ளிழுக்காமல் சாதாரணமாக மூச்சுவிடுங்கள்.

குர்த்தாவுக்கு மார்பளவைவிட 3 முதல் 4 அங்குலம் தளர்வு கேளுங்கள். இதைவிடக் குறைந்தால் கை தூக்கும்போது சட்டை முழுவதும் மேலே ஏறும். கைக்குழி மிக ஆழமாக இருக்கக் கூடாது. ஆழமான கைக்குழிதான் வசதி என்று பலர் நினைக்கிறார்கள், உண்மையில் அதுவே கையைக் கட்டிப்போடும். பக்கவெட்டு இடுப்பெலும்பின் அளவில் தொடங்கட்டும். அதற்கு மேலே போனால் காற்றில் விரிந்து தொல்லை. மிகவும் கீழே இறங்கினால் சைக்கிளில் கால் போட முடியாது. சட்டையின் கீழோரம் உங்கள் தொடையின் அகன்ற இடத்தில் முடியாமல், முழங்காலுக்குச் சற்று மேலோ கீழோ முடியட்டும். பார்வை அந்தக் கோட்டில்தான் நிற்கும். கை முழங்கையைத் தாண்டியிருந்தால் வெயிலுக்கும் காப்பு.

ஒரு பொக்கற் கேளுங்கள். பெண்களின் உடுப்புக்குப் பொக்கற் எதற்கு என்று சிரிக்கும் தையற்காரரிடம், பஸ் காசையும் தொலைபேசியையும் எங்கே வைப்பது என்று கேட்டுப் பாருங்கள்.

முதல் தடவை ஒரே ஓர் உடுப்பை மட்டும் கொடுங்கள். அதை ஒரு வாரம் வேலைக்குப் போட்டு, எங்கே இழுக்கிறது, எங்கே தொங்குகிறது என்று பார்த்துத் திருத்திய பிறகே அடுத்தவற்றைக் கொடுக்க வேண்டும். உள்தையலில் ஓர் அங்குலம் விடச் சொல்வதையும் மறக்காதீர்கள்.

படி 6: சேலை நாள்களுக்கு

சேலையின் வசதி சேலையில் இல்லை, உள்பாவாடையிலும் சட்டையிலும் இருக்கிறது. பருத்தி உள்பாவாடைக்கு இடுப்புப்பட்டி அகலமாக இருக்கட்டும். மெல்லிய நாடாவை நாள்தோறும் ஒரே இடத்தில் இறுக்கினால் தோல் தடித்துக் கறுக்கும். ஸ்கூட்டியில் போகிறவர்கள் கீழே விரியும் பாவாடையாக எடுங்கள், ஒரு பக்கம் வெட்டு இருந்தாலும் சரி.

ஐந்தரை மீற்றரில் எந்தச் சேலை யாருக்கு எடுக்கும்? கஞ்சி போட்ட மொடமொடப்பான பருத்தி மெலிந்தவர்களை நிறைவாகக் காட்டும். பருத்தவர்களை இன்னும் பருமனாகக் காட்டும். பருத்தவர்களுக்குச் சில தடவை தோய்த்து மென்மையான பருத்தியோ, உடம்போடு விழும் கலப்புத் துணியோ நல்லது. குட்டையானவர்கள் அகன்ற கரையை விட்டு மெல்லிய கரையைத் தெரிந்தால், கால் நீண்டதாகத் தெரியும். மஞ்சள் நிறமா, கறுப்பா என்று தோல் நிறத்தைக் காட்டிச் சொல்லும் அறிவுரைகளை நான் பொருட்படுத்துவதில்லை. முகத்துக்குக் கிட்டப் பிடித்து, வாசல் வெளிச்சத்தில் கண்ணாடியைப் பாருங்கள், அதுவே பதில்.

மோட்டார் சைக்கிளில் ஏறும் முன் தலைப்பை முன்னால் கொண்டுவந்து இடுப்பில் செருகிக் குத்தூசி போடுங்கள். பின்சில்லில் சிக்கும் தலைப்பு உயிரையே எடுக்கும். இதில் அழகுபற்றி யோசிக்க எதுவும் இல்லை.

படி 7: ஆண்களுக்கு

சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் தெரிவு குறைவு. சேர்ட்டின் கழுத்துக்குள் ஒரு விரல் போக வேண்டும். நீளக்கை மணிக்கட்டு எலும்பில் முடிய வேண்டும். உள்ளே செருகுவதானால், குனிந்து நிமிர்ந்த பிறகும் வெளியே வராத நீளம் இருக்க வேண்டும். காற்சட்டையை நின்று பார்த்து வாங்காதீர்கள். பாயில் சம்மணம் போட்டு இருந்து பாருங்கள். வன்னியில் கூட்டங்கள் கதிரையில் மட்டும் நடப்பதில்லை. இறுக்கமான காலோடு வரும் இன்றைய பாணி, இருந்து எழும்பும்போது தையல் பிரிந்து மானத்தை வாங்கும். உள்ளே பருத்திப் பெனியன் போட்டால் முதுகு வியர்வை சேர்ட்டில் தெரியாது.

படி 8: நிறமும் கால்களும்

புழுதிக் காலத்தில் வெள்ளையும் கறுப்பும் இரண்டுமே காட்டிக்கொடுக்கும். வெள்ளையில் செம்மண், கறுப்பில் சாம்பல் படை. மண்ணிறம், பாசிப்பச்சை, நடுத்தர நீலம், சிறு பூ அச்சு ஆகியவை நாளைக் கடத்தும். ஒரு நிறக் காற்சட்டைகள் இரண்டு, அவற்றோடு எல்லாமே சேரக்கூடிய மேல்சட்டைகள் நான்கு இருந்தால் முதல் மாதச் சம்பளம் வரை சமாளிக்கலாம்.

ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மழைக்காலம். அந்த மாதங்களில் றப்பர் செருப்போடு வந்து, அலுவலக மேசைக்குக் கீழே வைத்திருக்கும் சப்பாத்தை மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு சோடி கால்மேசும் அங்கேயே கிடக்கட்டும்.

படி 9: தோய்ப்பது

வன்னியின் பல கிணறுகளில் தண்ணீர் கடினமானது. கட்டிச் சவர்க்காரம் அதில் நுரைக்காமல் வெண்படையாகத் துணியில் ஒட்டி, நிறத்தை மங்கச் செய்யும். சலவைத்தூள் பாவித்து, நன்றாக இரண்டு தண்ணீரில் அலசுங்கள். கடைசி அலசலுக்குச் சேர்த்து வைத்த மழைநீர் கிடைத்தால் இன்னும் நல்லது.

சேற்றுக் கறையை ஈரமாக இருக்கும்போது தேய்க்காதீர்கள், இழைக்குள் இறங்கிவிடும். காயவிட்டு, உதறி, பழைய பல்துலக்கியால் துடைத்த பிறகு நீரில் போடுங்கள். நிறத்துணியை உட்புறம் வெளியே வரத் திருப்பி நிழலில் காயப்போடுங்கள். கொடியில் போடும் முன் இரண்டு கையாலும் உதறி, கழுத்துப் பட்டியையும் கீழோரத்தையும் இழுத்து நேராக்கினால், மின்வெட்டு நாளில் மினுக்காமலே போட்டுக்கொண்டு போகலாம்.