அழைக்கும் சொல்லிலிருந்து தொடங்குங்கள்: கிழக்காசியத் தொடர்களும் ரசிகர் புனைவும், புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

கொரியத் தொடர்கள், ஜப்பானிய அசைபடங்களான அனிமே, சீனத் தொடர்கள் ஆகியவற்றுக்குள் புதிதாக நுழைகிறவர்கள் பெரும்பாலும் பெரிய பட்டியலோடு தொடங்கி, இரண்டாவது வாரத்திலேயே களைத்துப்போகிறார்கள். எனவே இந்த விளக்கத்தில் மூன்று கதைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, பார்ப்பதில் தொடங்கி, ரசிகர் புனைவை, அதாவது அதே பாத்திரங்களை வைத்து ரசிகர்கள் எழுதும் கதைகளைப் படித்து, இறுதியில் நீங்களே ஒன்றை எழுதுவது வரை படிப்படியாகச் செல்வோம். வழி நெடுக ஒரே ஒரு பழக்கத்தை வலியுறுத்துவேன்: பாத்திரங்கள் ஒருவரையொருவர் எந்தச் சொல்லால் அழைக்கிறார்கள் என்பதைக் காது கொடுத்துக் கேளுங்கள்.

படி 1: மூல ஒலியை வைத்துக்கொள்ளுங்கள்

சில அனிமேக்கள் இப்போது தமிழ்க் குரலிலும் கிடைக்கின்றன. குழந்தைகளோடு அமர்ந்து பார்க்க அவை நல்லவை. ஆனால் தனியாகப் பார்க்கும்போது மூல மொழி ஒலியையும் ஆங்கில வசன வரிகளையும் தேர்ந்தெடுங்கள். ஆங்கிலத்தில் முன்னிலைக்கு ஒரே சொல்தான் இருப்பதால், கொரிய மொழியில் மரியாதைப் பேச்சிலிருந்து நெருக்கப் பேச்சுக்கு ஒருவர் மாறும் கணம் வசன வரியில் காணாமல் போய்விடுகிறது. 'நீ', 'நீங்கள்' என்ற வேறுபாட்டோடு வளர்ந்த நமக்கு, அந்த மாற்றத்தின் கனத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. அது எங்கே நடக்கிறது என்று தெரிந்தால் போதும். கொரியர்கள் இதைப் 'பேச்சைக் கீழே வைப்பது' என்று பொருள்படும் சொற்றொடரால் குறிக்கிறார்கள், இரண்டு பாத்திரங்கள் 'இனிப் பேச்சைக் கீழே வைத்துக்கொள்வோமா' என்று கேட்டுக்கொள்ளும் காட்சி பல தொடர்களில் கதையின் திருப்பமாகவே அமைகிறது.

சில சொற்களை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பெண் ஒருத்தி தன்னைவிட மூத்த ஆணை 'ஓப்பா' என்றும் மூத்த பெண்ணை 'ஊன்னி' என்றும் அழைப்பாள். ஆண் ஒருவன் மூத்த ஆணை 'ஹியங்' என்றும் மூத்த பெண்ணை 'நூனா' என்றும் அழைப்பான். உடன்பிறந்தவர்களுக்கும் உடன்பிறவாதவர்களுக்கும் இவை பொதுவாக வழங்குவது, அண்ணா, அக்கா என்று அழைத்துப் பழகிய நமக்குப் புதிதல்ல. பெயரில் குடும்பப் பெயர் முதலில் வரும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

படி 2: ஒரு கொரியத் தொடர்

முதல் தொடராக 'ரிப்ளை 1988' என்பதையே பரிந்துரைப்பேன். தொலைக்காட்சியில் 2015 நவம்பரில் தொடங்கி 2016 ஜனவரியில் முடிந்த இது 20 பகுதிகள் கொண்டது. ஒவ்வொரு பகுதியும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீளும் என்பதால் நாளொன்றுக்கு ஒன்று போதும். சியோல் நகரத்தின் சங்முன்-தொங் பகுதியில் ஒரே சந்தில் வாழும் ஐந்து குடும்பங்களின் கதை இது. முதல் பகுதியிலேயே ஒரு வீட்டில் சமைத்ததைப் பிள்ளைகள் அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோக, அங்கிருந்து வேறொன்று திரும்பி வர, சாப்பாட்டு நேரம் முழுக்கக் கிண்ணங்கள் சந்தில் அலைகின்றன. அந்தக் காட்சியைப் பார்க்கும்போது, பெரியவர்கள் ஒருவரையொருவர் பிள்ளையின் பெயரைச் சொல்லி, 'இன்னாருடைய அம்மா' என்று அழைப்பதைக் கேளுங்கள். 'அப்பா' என்ற சொல் ஏறக்குறைய நம் ஒலியிலேயே காதில் விழும்போது ஏற்படும் சிலிர்ப்பை நான் இன்றும் இழக்கவில்லை.

படி 3: ஓர் அனிமே

அனிமேயின் ஒரு பகுதி சுமார் 24 நிமிடங்கள்தான். புதியவர்களுக்கு 'ஃப்ரீரென்' தொடரின் முதல் பருவம் மிகவும் ஏற்றது. 2023 செப்டம்பரில் தொடங்கிய அது 28 பகுதிகள் கொண்டது. அரக்க வேந்தனை வென்ற வீரர் குழுவின் 10 ஆண்டுப் பயணம் முடிந்த பிறகுதான் கதையே தொடங்குகிறது. அக்குழுவில் ஒருத்தியும் நீண்ட ஆயுள் கொண்ட மாயவித்தைக்காரியுமான ஃப்ரீரென் 50 ஆண்டுகள் கழித்துத் திரும்பி வரும்போது தோழன் ஹிம்மெல் முதியவனாகி இருக்கிறான். அவன் இறந்த பிறகே, அவனை அறிந்துகொள்ள முயலவில்லையே என்று அவள் அழுகிறாள். அவளுடைய மாணவி ஃபெர்ன் அவளையும், பயணத் துணைவன் ஷ்டார்க்கையும், பெயரோடு 'சாமா' என்ற உயர்ந்த மரியாதை விகுதி சேர்த்தே அழைப்பாள்; கடும் கோபத்தில் ஷ்டார்க்கைக் கடிந்துகொள்ளும்போதும் அந்த விகுதி நீங்குவதில்லை. அவளுடைய குணம் முழுவதும் அந்த ஈரெழுத்தில் இருக்கிறது.

படி 4: ஒரே கதையின் மூன்று வடிவங்கள்

இதுதான் நிதானம் தேவைப்படும் படி. மோ ஷியாங் தோங் ஷியூ இணையத்தில் எழுதிய 'மோ தாவ் ட்ஸு ஷி' என்ற சீன நாவல், 2018 முதல் அசைபடத் தொடராகவும், 2019இல் சியாவ் ஜான், வாங் யிபோ நடித்த 'தி அன்டேம்ட்' என்ற 50 பகுதித் தொடராகவும் உருவானது. 'தி அன்டேம்ட்' தொடரின் தொடக்கத்தில் கதாநாயகன் வெய் வூஷியன் இறக்கிறான்; 16 ஆண்டுகள் கழித்து மீள்கிறான்; பிறகு ஏறத்தாழ 30 பகுதிகளுக்குக் கடந்த காலமே ஓடுகிறது. முதல் இரண்டு பகுதிகளில் ஒன்றும் புரியாமல் பலர் விலகிவிடுகிறார்கள். தயவுசெய்து ஆறாவது பகுதி வரை பொறுத்திருங்கள், அதன் பின் முதல் பகுதியை மீண்டும் பாருங்கள்.

பழைய சீன மரபில் ஆண்மகனுக்குப் பிறப்புப் பெயரும், வளர்ந்தபின் சூட்டப்படும் மரியாதைப் பெயரும் உண்டு. ஊரார் வெய் வூஷியன், லான் வாங்ஜி என்று மரியாதைப் பெயர்களால் குறிப்பிடும் இருவர், தங்களுக்குள் 'வெய் யிங்', 'லான் ஜான்' என்று பிறப்புப் பெயர்களைச் சொல்லி அழைத்துக்கொள்கிறார்கள். நாவலில் அவர்களிடையே இருப்பது காதல். சீன ஒளிபரப்புக் கட்டுப்பாடுகளால் தொடரில் அது ஆழ்ந்த நட்பாகக் காட்டப்படுகிறது. வெளிப்படையாகச் சொல்ல முடியாததை அந்த அழைப்பு சுமந்து நிற்பதால்தான், இக்கதையைச் சுற்றி இவ்வளவு ரசிகர் புனைவுகள் பிறந்தன என்று நான் நம்புகிறேன்.

படி 5: ரசிகர் புனைவைத் தேடிப் படித்தல்

'ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்' என்பது 2009 முதல் தன்னார்வலர்களும் நன்கொடைகளும் தாங்கி நடத்தும், விளம்பரமற்ற இணையக் காப்பகம். அறிவியல் புனைவுலகின் ஹியூகோ விருது 2019இல் அதற்கு வழங்கப்பட்டது. உங்கள் தொடரின் பெயரைத் தேடி, வடிகட்டிப் பகுதியில் முற்றுப்பெற்றவை மட்டும் என்பதைத் தேர்ந்து, சொல் எண்ணிக்கையை 5000க்குள் வரம்பிட்டு, வாசகர் பாராட்டான 'கூடோஸ்' வரிசையில் அடுக்குங்கள். ஒவ்வொரு படைப்பின் தலைப்பிலும் வயதுத் தரமும், வன்முறை, முக்கியப் பாத்திரத்தின் மரணம் போன்றவற்றுக்கான எச்சரிக்கையும் இருக்கும். அவற்றைப் படிக்காமல் உள்ளே செல்லாதீர்கள். எச்சரிக்கை தர விரும்பவில்லை என்று எழுத்தாளர் குறித்திருந்தால், உள்ளே எதுவும் இருக்கலாம் என்று பொருள்.

படி 6: உங்கள் முதல் புனைவு

கதையில் காட்டப்படாத ஓர் இடைவெளியைத் தேர்ந்தெடுங்கள். ஃப்ரீரெனின் 10 ஆண்டுப் பயணத்தில் ஒரு மழை இரவு, சங்முன்-தொங் சந்தில் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க மறந்த ஒரு வீடு, இப்படிச் சிறியதாக இருக்கட்டும். இரண்டு பாத்திரங்கள், ஓர் இடம், 500 சொற்கள் என வரையறுத்துக்கொள்ளுங்கள். தமிழில் எழுதினால், 'ஓப்பா'வை அப்படியே வைப்பதா 'அண்ணா' என்று எழுதுவதா என்ற கேள்வி முதல் வரியிலேயே எழும். காதலனையும் ஓப்பா என்று அழைப்பார்கள் என்பதால் அப்படியே வைப்பதையே நான் விரும்புவேன். ஆனால் 'நீங்கள்' 'நீ'யாக மாறும் இடத்தை மட்டும் எழுதத் தொடங்கும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள், காட்சி அந்த இடத்தை நோக்கித் தானே நடக்கும்.

பாத்திரங்களை எழுதுங்கள், நடிகர்களை எழுதாதீர்கள். 2020 பிப்ரவரி இறுதியில், 'தி அன்டேம்ட்' நடிகர்களையே பாத்திரமாக்கிய ஒரு புனைவைச் சுற்றி எழுந்த சச்சரவில் புகார்கள் குவிய, மேற்சொன்ன காப்பகம் சீனாவில் முடக்கப்பட்டது. அந்தப் புனைவோடு எந்தத் தொடர்பும் இல்லாத வாசகர்களும் தாங்கள் படித்துக்கொண்டிருந்த இடத்தை இழந்தார்கள். பிறருடைய புனைவை மொழிபெயர்க்க விரும்பினால் முதலில் எழுதியவரிடம் அனுமதி கேளுங்கள். உங்களுடையதை எழுதி முடித்ததும், உரையாடலை மட்டும் ஒருமுறை உரக்கப் படியுங்கள். யார் யாரிடம் பேசுகிறார்கள் என்பது பெயர் இல்லாமலேயே விளங்கினால், அதை வெளியிடலாம்.