செவில் நகரத்துத் தாப்பாஸ் பார்: புதிதாக வந்தவர்கள் தயங்காமல் போக

வேலைக்கோ படிப்புக்கோ ஸ்பெயினின் செவில் நகரத்துக்கு வந்த நம்மவர்களில் பலர், வீட்டுக்குக் கீழேயே இருக்கும் சின்னத் தட்டுகளில் உணவு தரும் தாப்பாஸ் பாருக்குள் போகாமலே மாதக்கணக்கில் இருந்துவிடுகிறார்கள். பார் என்றாலே குடிப்பவர்கள் கூடும் இடம் என்ற எண்ணம் ஊரிலிருந்து கூடவே வந்துவிடுகிறது. இங்கே கதையே வேறு. காலையில் காபியும் டோஸ்டும் சாப்பிட வரும் அதே ஆட்கள், மதியம் பேரக்குழந்தையோடு சாப்பாட்டுக்கு வருவார்கள். அக்கம்பக்கத்தாரோடு பழக இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. குடிக்காதவர்களும் சைவம் சாப்பிடுபவர்களும் கட்டாயம் போக வேண்டும்.

முதலில் நேரத்தைப் பழகிக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாடு 2 மணிக்கு மேல், இரவுச் சாப்பாடு 9 மணி வாக்கில். இடையில் பல கடைகளில் அடுப்பு அணைந்திருக்கும். 7 மணிக்குப் பசியோடு போனால் ஆலிவ் காய்தான் கிடைக்கும். ஆகஸ்ட் மாதத்தில் பல கடைகள் விடுமுறை விட்டுவிடும்.

உள்ளே வரிசை எல்லாம் இருக்காது. கவுண்டரில் இடம் பிடித்து நின்று, பரிமாறுபவர் நம் பக்கம் பார்க்கும்போது "பெர்தோனா" (மன்னிக்கவும்) என்றால் போதும். எல்லாவற்றையும் மொத்தமாகச் சொல்லாதீர்கள். ஆளுக்கு ஒன்றிரண்டு தட்டு சொல்லி, தீர்ந்த பிறகு அடுத்தது. தாப்பா என்பது சின்னத் தட்டு, மீடியா அதைவிடப் பெரியது, ராசியோன் நாலு பேர் பகிர்ந்து சாப்பிடும் அளவு. சில கடைகளில் தாப்பா அளவு கவுண்டரில் நிற்பவர்களுக்கு மட்டும்தான். வெளியே மேசையில் உட்கார்ந்தால் விலை கூடலாம். காசு கடைசியில். "லா குவெந்தா, போர் ஃபவோர்" (பில் கொடுங்கள்) என்று கேளுங்கள். 1670-இல் தொடங்கிய எல் ரின்கோன்சியோ போன்ற பழைய கடைகளில் கணக்கை உங்கள் முன்னால் கவுண்டர் மரத்திலேயே சாக்பீஸால் எழுதுவார்கள். டிப்ஸ் கட்டாயமில்லை, சில்லறையை விட்டுவிட்டு வரலாம்.

சரி, என்ன சாப்பிடலாம்? சைவக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல வேண்டியது எஸ்பினாக்காஸ் கோன் கர்பான்சோஸ். கீரையும் கொண்டைக்கடலையும் பூண்டு, சீரகம் போட்டு வதக்கியது. அந்தச் சீரக வாசனைக்கே நம் நாக்கு இந்த ஊரோடு சமாதானமாகிவிடும். சால்மோரேஹோ என்ற கெட்டியான குளிர்ந்த தக்காளிக் கூழ் கோடைக்கு அருமை. ஆனால் அதன் மேல் முட்டையும் ஹமோனும், அதாவது உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடையும், தூவித் தருவார்கள். "சின் ஹமோன்" (ஹமோன் இல்லாமல்) என்று முன்பே சொல்லிவிடுங்கள். உருளைக்கிழங்கு தோர்த்தியா என்ற தடித்த ஆம்லெட்டில் முட்டை உண்டு. குரோக்கெட்டா என்ற பொரித்த உருண்டைகளில் பெரும்பாலும் ஹமோன் இருக்கும்.

"இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் போதாது. ஹமோனையும் சூரை மீனையும் இறைச்சிக் கணக்கில் சேர்க்காதவர்கள் இங்கே நிறைய. "நோ கோமோ நி கார்னே, நி பெஸ்காதோ, நி ஹமோன்" (இறைச்சி, மீன், ஹமோன் எதுவும் சாப்பிட மாட்டேன்) என்று மூன்றையும் சேர்த்தே சொல்லுங்கள். பொரிக்கும் எண்ணெயும் பல கடைகளில் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

மீன் சாப்பிடுபவர்களுக்குக் கொண்டாட்டம். கசோன் என் அதோபோ என்பது சுறா வகை மீனை வினிகர், சீரகம், பூண்டில் ஊறவைத்துப் பொரிப்பது. சூடாக வந்தவுடன் சாப்பிட வேண்டும். மாட்டிறைச்சியைத் தவிர்ப்பவர்கள் தெர்னேரா, தோரோ என்ற சொற்களையும், பன்றியைத் தவிர்ப்பவர்கள் செர்தோ, இபேரிகோ என்ற சொற்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிரிங்கா என்ற இறைச்சிக் கலவையில் பெரும்பாலும் மாடு, பன்றி இரண்டும் இருக்கும்.

குடிக்க மோஸ்தோ கேளுங்கள், பொதுவாகப் புளிக்காத திராட்சைச் சாறு, யாரும் வினோதமாகப் பார்க்க மாட்டார்கள். ஆனால் செவில் பக்கம் புது வைனையும் மோஸ்தோ என்பார்கள், அதனால் "சின் ஆல்கோல்" (ஆல்கஹால் இல்லாமல்) என்று சேர்த்துக் கேளுங்கள். "சின்" என்று போட்ட பீரில் கொஞ்சம் ஆல்கஹால் இருக்கலாம், துளியும் வேண்டாதவர்கள் 0,0 என்று போட்டதைக் கேளுங்கள். குழாய்த் தண்ணீர் இலவசம். 2022-இல் வந்த சட்டப்படி கேட்டால் தர வேண்டும். "அகுவா தெல் கிரிஃபோ" என்று சொல்லுங்கள்.

அப்புறம், வார இறுதியில் கிரனாடா நகரத்துப் பக்கம் போனால் அங்கே வழக்கம் வேறு. ஒவ்வொரு பானத்தோடும் ஒரு தாப்பா இலவசமாக வரும், எது என்பதைப் பெரும்பாலும் கடைக்காரர்தான் முடிவு செய்வார். அதனால் பானம் சொல்லும்போதே நீங்கள் சைவம் என்று சொல்லிவிடுங்கள். மாற்றித் தருவார்கள்.