பூனையின் கண் புண்ணைச் சாயம் போட்டுப் பார்ப்பது எப்படி?

ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு, பீளை வழிய ஒரு பூனை கிளினிக்குக்கு வருகிறது; டாக்டர் பார்க்கும் முன் உதவியாளராக நீங்கள் பார்க்கிறீர்கள். கூட வருபவர் கையில் பெரும்பாலும் பழைய சொட்டு மருந்து ஒன்று இருக்கும். முதலில் அதை வாங்கி லேபிளைப் படியுங்கள். டெக்சாமெத்தசோன், பிரெட்னிசோலோன் என்றிருந்தால் அது ஸ்டீராய்டு. கார்னியாவில் (கண்ணின் முன்பக்கத் தெளிவான படலம்) புண் இருக்கும்போது அந்தச் சொட்டை ஊற்றினால் புண் ஆறாமல் ஆழமாகும், கண்ணே ஓட்டையாகிவிடலாம். சாயம் போட்டுப் பார்க்கும்வரை அதை ஊற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டு, டாக்டரிடமும் காட்டுங்கள்.

1. தொடாமல் பாருங்கள். தும்மல், சளி இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் ஹெர்பிஸ் வைரஸ் சந்தேகம் வலுக்கும். கண்சவ்வு உப்பி, ஒரு கண்ணில் தொடங்கிச் சில நாளில் அடுத்த கண்ணுக்கும் வந்தால் கிளமிடியா என்ற பாக்டீரியாவாக இருக்கலாம். வயதான பூனை, இரு கண்மணிகளும் அகல விரிந்து, திடீரென்று முட்டி மோதி நடந்தால் சாயச் சோதனையைத் தள்ளிவைத்துவிட்டு, உடனே ரத்த அழுத்தம் பாருங்கள். விழித்திரை பிரிந்திருக்கக்கூடும்.

2. பிடிப்பது. துண்டில் சுற்றி, தாடையின் கீழ் கை கொடுங்கள். கழுத்தை இறுக்கினால் கண்ணின் உள்ளழுத்தம் ஏறும். இமையைத் திறக்கும்போது விரல் எலும்பின் மேல் இருக்கட்டும், விழியை அழுத்தக் கூடாது.

3. கண்ணீர் அளவு. ஷிர்மர் ஸ்ட்ரிப்பை (கண்ணீரை உறிஞ்சி அளவு காட்டும் காகிதப் பட்டை) கீழ் இமைக்குள் 1 நிமிடம் வையுங்கள். எந்தச் சொட்டும் விடும் முன் இதை முடித்துவிட வேண்டும். பயந்த பூனைக்கு அளவு குறைவாகவே வரும், எண்ணை மட்டும் நம்பாதீர்கள்.

4. சாயம். ஃப்ளோரசீன் என்ற சாயம் தோய்த்த ஸ்ட்ரிப்பின் ஆரஞ்சு முனையில் சலைன் (உப்புநீர்) ஒரு சொட்டு விட்டு நனைத்துக்கொள்ளுங்கள். மேல் இமையைத் தூக்கி, வெள்ளை விழிப் பக்கம் லேசாகத் தொட விடுங்கள். ஸ்ட்ரிப் கார்னியாவில் பட்டால் அந்த இடமே பச்சையாகி, இல்லாத புண்ணைக் காட்டும். சில தடவை இமை மூடித் திறந்ததும் சலைனால் நன்றாகக் கழுவுங்கள். சளியில் ஒட்டிய சாயமும் புண் மாதிரியே தெரியும் என்பதால் இதில் அவசரம் வேண்டாம்.

அப்புறம் அறை விளக்கை அணைத்து நீல விளக்கில் பாருங்கள். கார்னியாவின் மேல்தோல் உரிந்த இடம் பளிச்சென்று பச்சையாக ஒளிரும். கிளை கிளையாக மெல்லிய கோடுகள் ஓடினால் அது ஹெர்பிஸின் கையெழுத்து. ஓரம் பச்சையாகவும் நடுவில் சாயம் பிடிக்காத பள்ளமாகவும் இருந்தால், புண் கடைசிப் படலம் வரை போய்விட்டது. கையை எடுத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். பெர்சியன் பூனைகளின் கார்னியாவில் பழுப்பு, கறுப்புத் திட்டு தெரிந்தால் அழுக்கென்று துடைக்க வேண்டாம். அது செத்துப்போன கார்னியா.

5. கண் அழுத்தம். ஆழமான புண் இல்லையென்றால் மட்டும். ஏறக்குறைய 10 முதல் 25 mmHg வரை சரி. குறைந்தால் கண்ணுக்குள் அழற்சி, கூடினால் கிளாக்கோமா (கண் அழுத்த நோய்) என்று டாக்டர் யோசிப்பார்.

கேஸ் ஷீட்டில் ஒரு வட்டம் வரைந்து, எந்தக் கண், பச்சை எங்கே, எவ்வளவு பெரிது என்று குறியுங்கள். அடுத்த முறை புண் சுருங்கியதா என்று ஒப்பிட அந்தப் படம்தான் உதவும். அனுப்பும் முன், பூனை கண்ணைச் சொறியாமலிருக்க, கூம்பு வடிவக் கழுத்துக் காலர் மாட்டிவிடுங்கள்.