அடிபம்பு போட ஆப்பிரிக்கா போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

உகாண்டா, மலாவி என்று குடிநீர்த் திட்டங்களில் இரண்டு மாதம் வேலை செய்யப் போகும் இன்ஜினியரிங் மாணவர்கள் முதல் தவறை ஊரிலேயே செய்துவிடுகிறார்கள், டிசைனை முடித்து எடுத்துக்கொண்டுதான் விமானம் ஏறுகிறார்கள். அங்கே போனால் பழுதான அடிபம்பு ஒன்று ஏற்கெனவே நிற்கும். அதைப் பிரித்துப் பார்க்காமல் பக்கத்திலேயே புதிதாக ஒன்று போடாதீர்கள். பழையது ஏன் நின்றது என்று தெரியாவிட்டால் புதியதும் அதே காரணத்தால் நிற்கும்.

பெரும்பாலும் காரணம் சின்னதுதான். இந்தியா மார்க் 2 என்ற அடிபம்பு வகையில் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு ரப்பர் வாஷர் தேய்ந்தால்கூட, கிணற்றுக்குள் இறங்கியிருக்கும் 32 மில்லிமீட்டர் இரும்புக் குழாய் முழுவதையும் மேலே தூக்கியாக வேண்டும், அதற்கு ஆட்களும் வண்டியும் வேண்டும். 1980களில் நம் கோயம்புத்தூர் வட்டாரத்தில் சோதித்து உருவாக்கிய மார்க் 3-இல் குழாயை 65 மில்லிமீட்டர் ஆக்கினார்கள். அதனால் குழாயைத் தூக்காமலே, அதன் வழியாக பிஸ்டனைக் கம்பியோடு உருவி வாஷரை மாற்றிவிடலாம். மலாவியில் பரவலாக இருக்கும் ஆஃப்ரிடெவ் பம்பும் ஊர்க்காரர்களே பழுது பார்க்கட்டும் என்று செய்ததுதான். அதனால் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று கணக்குப் போடும் முன் கேளுங்கள்: வாஷரை யார் மாற்றுவார், எந்தக் கடையில் கிடைக்கும், அங்கே போய்வர பஸ்ஸுக்கு எவ்வளவு ஆகும்?

இதையும் ஊர்த் தலைவரிடம் மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். தண்ணீர் எடுப்பது பெண்களும் சிறுமிகளும். விடியற்காலையில் பம்படியில் போய் உட்காருங்கள், முதல் குடம் பிடிக்க வரும் பெண் எத்தனை அடி அடித்தபின் தண்ணீர் வருகிறது என்று எண்ணுங்கள். முப்பது, நாற்பது அடி ஆகிறதா? தண்ணீரைக் கீழே இறங்கவிடாமல் பிடித்துவைக்கும் அடிவால்வோ குழாயோ கசிந்து, ராத்திரி முழுக்கத் தண்ணீர் கீழே இறங்கியிருக்கிறது. தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்தால் தண்ணீரின் அமிலத்தன்மையைக் காட்டும் pH அளவைப் பாருங்கள், 6.5-க்குக் கீழே போனால் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய் அரிக்கும், அந்தத் தண்ணீரில் துவைத்த துணியும் கறை படியும்.

அப்புறம், தெளிந்த தண்ணீர் என்பதால் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது. வங்கதேசத்தில் சுத்தமான தண்ணீருக்கென்றுதான் லட்சக்கணக்கில் குழாய்க் கிணறுகள் போட்டார்கள், 1993-இல்தான் அவற்றில் ஆர்சனிக் என்ற நஞ்சு இருப்பது தெரியவந்தது. அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. குடத்தை வைக்கும் முன்பே சோதித்துவிடுங்கள்.

கிளம்பும்போது ரிப்போர்ட்டைக் கல்லூரிக்கு மட்டும் கொண்டுவந்துவிடாதீர்கள். கிணற்றின் ஆழம், நீர்மட்டம், எத்தனை குழாய் இறக்கியது, எல்லாம் ஒரே தாளில், மலாவி என்றால் சிச்சேவா மொழியில், பம்பு கமிட்டியிடம் ஒன்று, மாவட்டத் தண்ணீர் அலுவலகத்தில் ஒன்று.