பிள்ளை தன் ஈர்ப்பைப் பற்றி மனம் திறந்தால் பெற்றோர் நடந்துகொள்ள வேண்டிய முறை

ஏற்காட்டில் விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளை, விடுமுறைக்கு வீடு வந்த ஓர் இரவில், தன் மனம் தன் பாலினத்தவரிடமே ஈர்க்கப்படுவதாகச் சொன்னால், சேலத்துப் பெற்றோர் பலருக்கு முதலில் தோன்றுவது, விடுதியில் சேர்த்ததால்தான் இப்படி ஆகிவிட்டது என்பதே. அந்தச் சொல்லை வாய்க்குள்ளேயே நிறுத்திவிடுங்கள். விடுதி வாழ்க்கையோ, தாயின் செல்லமோ, தந்தையின் கண்டிப்போ பாலீர்ப்பை உண்டாக்குவதாக எந்த ஆய்வும் நிறுவவில்லை. ஏறத்தாழ 4,70,000 பேரின் மரபணுத் தரவுகளை ஆராய்ந்து 2019-இல் வெளியான ஆய்வும், இதைத் தனியொரு மரபணு முடிவு செய்வதில்லை என்றே கண்டது.

உளவியல் காரணிகள் வலுவாக வேலை செய்யும் இடம் வேறு. தன் ஈர்ப்பைப் பிள்ளை வெட்கமாகச் சுமக்கிறதா, இயல்பாக ஏற்கிறதா என்பதை வீட்டுப் பேச்சும் வகுப்பறைக் கேலியும் பெரிதும் தீர்மானிக்கின்றன. கல்யாண வீட்டில் யாரையோ பார்த்து நாம் சிரித்த சிரிப்பைக்கூடப் பிள்ளை கவனித்திருக்கும். அமெரிக்காவில் 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், வளரிளம் பருவத்தில் குடும்பத்தாரால் கடுமையாக ஒதுக்கப்பட்டவர்களிடையே தற்கொலை முயற்சி, அவ்வாறு ஒதுக்கப்படாதவர்களைவிட எட்டு மடங்குக்கும் அதிகமாக இருந்தது. இந்த எண்ணைப் படித்தபின் மானம், மரியாதை என்ற பேச்சுக்கு என் மனத்தில் இடமில்லை.

ஆகவே முதலில் கேளுங்கள். “எத்தனை நாளா இதை மனசுல வெச்சிக்கிட்டு இருந்த, கண்ணு?” என்ற ஒரு கேள்வி போதும். முகத்துக்கு நேர் அமர்ந்து பேசத் தயங்கும் பிள்ளையை, மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டியில் பக்கத்தில் அமர்த்தி அழைத்துச் செல்லும்போது, சாலையைப் பார்த்தபடியே பேசவிடலாம். தனக்கே இன்னும் தெளிவில்லை என்று பிள்ளை சொன்னால் பெயர் சூட்ட அவசரப்படாதீர்கள். வயதானால் சரியாகிவிடும் என்றும் சொல்லாதீர்கள்.

‘மாற்றிக் காட்டுகிறேன்’ என்பவரிடம் பிள்ளையை ஒருபோதும் ஒப்படைக்காதீர்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் இத்தகைய முயற்சிகளுக்குத் தடை விதித்தது. தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அம்முயற்சிகளைத் தொழில்முறை ஒழுங்கீனம் என்று அறிவித்தது. பிள்ளை தூக்கமிழந்தாலோ, சாப்பிட மறுத்தாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ, அந்த மன வேதனைக்காக மனநல மருத்துவரை உடனே பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் பேசலாம்.

பிள்ளையின் சம்மதமின்றி அத்தை, மாமாவிடமோ விடுதிக் காப்பாளரிடமோ எதையும் சொல்ல வேண்டாம். விடுதியில் கேலியோ மிரட்டலோ இருக்கிறதா என்பதை மட்டும் விசாரியுங்கள். இல்லையென்றால், விடுமுறை முடிந்ததும் வழக்கம்போல் அங்கேயே கொண்டுபோய் விடுங்கள்.